வைக்கோல் கட்டிய டயர்

"மங்களா, இந்த வருஷம் குளிர்காலத்துக்கு நாம தயாராகணும்."

என் கணவர் பகலவன் இதைச் சொன்னபோது தலைக்கு மேலே மின்விசிறி ஐந்தாம் நம்பரில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் முதுகில் வேர்க்குரு. கையில் ஓலை விசிறி வேறு. ஊர் குடவாசல். கார்த்திகை பிறக்க இன்னும் ஒரு வாரம்.

"போர்வையைத் துவைச்சுப் போடவா?" என்றேன்.

"போர்வை இல்ல. டயர்."

"டயரைத் துவைக்கணுமா?"

"மாத்தணும். வின்டர் டயர். ஏழு டிகிரிக்குக் கீழ போனா சாதா ரப்பர் இறுகிப் போயிடும். ரோட்டுல பிடிமானம் இருக்காது. வண்டி வழுக்கிக்கிட்டே போயிடும்."

"எங்க?"

"எங்க வேணா போகும்."

போன வருஷம் மகள் அறிவுமதி வீட்டுக்குக் கனடா போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தோம். நான் ஒரு ஸ்வெட்டரோடு திரும்பினேன். இவர் அறிவோடு திரும்பினார். பனிக்காலம் வருகிறதென்று மருமகன் வெற்றிசெல்வன் காரின் நாலு சக்கரத்தையும் மாற்றியபோது, இவர் பக்கத்தில் நின்று நட்டுகளை ஒரு கிண்ணத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தொழில்நுட்பப் படிப்பு அவ்வளவுதான். கிண்ணம்கூட நான் எடுத்துக் கொடுத்தது.

அந்தப் பனி பத்து மாதமாக அவர் ஞாபகத்துக்கு வரவில்லை. என் டிரைவிங் லைசென்ஸ் தபாலில் வந்த மறுநாள் காலையில்தான் வந்தது. இதைக் கவனிக்க கான்வென்ட் படிப்பு வேண்டாம்.

லைசென்ஸ் கதையைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் என் மகள் ஓட்டுகிறாள், பக்கத்து வீட்டு எழுபது வயசுக் கிழவி ஓட்டுகிறாள், நான் மட்டும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஊருக்கு வந்ததும் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். காலை ஆறு மணி பேட்ச்சில் நானும் இன்னொரு பெண்ணும்தான். அவள் பெயர் கலைமகள். பேரூராட்சியில் கொசு ஒழிப்பு வேலை. வீடு வீடாகப் போய்ப் பூந்தொட்டி, உரல், தேங்காய் சிரட்டை என்று எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்க்கிற வேலை. ஊரில் அவளைக் 'கொசுக்கார அக்கா' என்பார்கள். நான் கிளட்சை மிதிக்க மறப்பேன், அவள் விட மறப்பாள். இரண்டு பேரும் ஒரே நாளில் திருவாரூரில் எட்டுப் போட்டு, ஒரே நாளில் பாஸ் ஆனோம்.

என் கணவருக்கு என்னை ஓட்ட விட மனசில்லை. கார் வாங்கிப் பதினொரு வருஷம். வாங்கிய அன்றைக்கு ஸீட்டில் இருந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. உட்கார்ந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும். ஆனால் 'நீ ஓட்டாதே' என்று சொல்ல அவரால் முடியாது. வேளாண்மைத் துறையில் ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவர். போன மகளிர் தினத்தில் மேடையேறி, "பெண்ணின் கைக்கு ஸ்டியரிங் வர வேண்டும்" என்று பேசிக் கைதட்டல் வாங்கியவர். அந்தப் போட்டோவை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். அதற்குக் கீழே நின்றுகொண்டு எப்படிச் சொல்வார்? அதனால்தான் குளிர்காலம் வந்தது.

எனக்கு அந்தக் கார் டிசம்பர் இருபதாம் தேதி சனிக்கிழமை வேண்டும். தஞ்சாவூரில் நான் படித்த கான்வென்ட்டில் பழைய மாணவிகள் சந்திப்பு. ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்றைக்கு எல்லாரும் அம்பாசிடரில் வந்து இறங்கினார்கள். நான் வாடகை சைக்கிளின் கேரியரில் வந்து இறங்கினேன். அப்பா பண்ணையில் நாற்றுப் பறித்த கையைத் துடைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து மிதித்துக் கொண்டுவந்து விட்டார். அப்புறம் கல்யாணம். முப்பது வருஷமாக ஸ்கூட்டரில் பின்னால், காரில் இடது பக்கம். ஐம்பத்திமூன்று வயதுவரை நான் எங்கேயும் நானாகப் போய் இறங்கியதே இல்லை. வகுப்பு வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டேன்: 'இந்தத் தடவை நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன்.' நாற்பத்தொரு கட்டைவிரல் உயர்ந்தது. இனி பஸ்ஸில் போய் இறங்கினால் அந்த நாற்பத்தொன்றும் கீழ்நோக்கித் திரும்பும்.

"ஏங்க, நம்ம ஊர்ல எப்பங்க ஏழு டிகிரி வந்திருக்கு?" என்றேன்.

"இதுவரைக்கும் வரலை."

"இனிமேயும் வராது."

"வராதுன்னு எழுதிக் குடுப்பியா?"

கொடுத்திருக்கலாம். அப்போது தோசை கருகியது.

அன்றைக்கே மருமகனை வீடியோ காலில் பிடித்தார்.

"மாப்ளே, எந்த டயர் போடலாம்?"

"அங்க இப்ப எத்தனை டிகிரி மாமா?"

"இருபத்தியெட்டு."

"மைனஸா மாமா?"

"பிளஸ்."

மருமகன் கொஞ்ச நேரம் அசையவில்லை. நெட் நின்றுவிட்டது என்று நினைத்தோம். பின்னால் என் மகள் சிரிக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. "மாமா, எனக்கு ஒரு மீட்டிங்" என்று வைத்துவிட்டார். அங்கே அப்போது ராத்திரி பதினொரு மணி.

மறுநாள் கடைத்தெருவில் தௌபீக் டயர் கடைக்குப் போனார். காய்கறி வாங்குகிற சாக்கில் நானும் போனேன்.

"தௌபீக், வின்டர் டயர் இருக்கா?"

தௌபீக் முப்பது வருஷமாகப் பஞ்சர் ஒட்டுகிற மனிதர். எந்தக் கேள்விக்கும் முகம் மாறாது. "கார் டயர் இருக்கு சார். டிராக்டர் டயர் இருக்கு. கரும்பு வண்டி டயர் இருக்கு. இது எந்த வண்டிக்கு?"

"கார்தான். பனியில வழுக்காம ஓடணும்."

"எந்த ஊர் பனி சார்?"

"நம்மூர் பனிதான்."

தௌபீக் என்னைப் பார்த்தார். நான் கத்தரிக்காயைப் பார்த்தேன்.

"சார், நம்மூர்ல வழுக்குறது சேறுதான். அதுக்கு டிராக்டர்ல இரும்புச் சக்கரம் மாட்டி வயல்ல இறக்குவாங்க. உங்களுக்கும் ஒரு ஜோடி வேணா கேட்டுப் பாக்கவா?"

அவர் கிண்டலாகச் சொன்னார். இவர் அளவெடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து டேப்பை வைத்துக் காரை மூன்று தடவை சுற்றிவந்து, "அகலம் ஒத்து வராது" என்று வருத்தப்பட்டார்.

டயர் கிடைக்கவில்லையென்றால் சங்கிலி. கனடாவில் பனி அதிகமானால் டயரைச் சுற்றிச் சங்கிலி கட்டுவார்களாம். சங்கிலி கட்டினால் நம் சிமென்ட் ரோடு பெயர்ந்துவிடும் என்று இவரே கண்டுபிடித்தார். அதற்கு மாற்றும் இவரே கண்டுபிடித்தார். வைக்கோல் பிரி.

குறுவை அறுப்பு முடிந்து ஊரெல்லாம் புது வைக்கோல். தன் அண்ணன் வீட்டுப் போரிலிருந்து இரண்டு கட்டு உருவிக்கொண்டு வந்து, வாசலில் உட்கார்ந்து, கயிறு கயிறாக முறுக்கினார். முப்பது வருஷம் விவசாயிகளுக்கு யோசனை சொன்ன கை. யாரும் கேட்காத யோசனையெல்லாம் சேர்ந்து பிரியில் இறங்கியது. சாயங்காலத்துக்குள் நாலு டயரும் பொன்னிறமாகிவிட்டன. கார் நாலு காலிலும் சும்மாடு சுற்றிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

"உப்பு எங்க?" என்று கேட்டுக்கொண்டே அடுக்களைக்குள் வந்தார்.

"எதுக்கு?"

"பனி உறையாம இருக்க ரோட்டுல உப்புத் தூவணும். அங்க லாரியிலேயே கொண்டுவந்து தூவறாங்க."

மூன்று கிலோ கல்லுப்பு. கேட்டிலிருந்து காருக்கு அடி வரை கோலம் போடுகிற மாதிரி தூவினார்.

விடிந்ததும் வாசலில் ஒரே இரைச்சல். தெருவில் இருக்கிற அத்தனை மாடும் எங்கள் வீட்டுக்குள் நின்றன. ஏழு மாடு, மூன்று கன்று. கேட்டிலிருந்து உப்பை நக்கிக்கொண்டே வந்து காரைப் பிடித்திருக்கின்றன. முன் சக்கரத்தில் ஒரு கயிறுகூட மிச்சமில்லை. பின் சக்கரத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஒரு செவலைப் பசு டிரைவர் பக்கக் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டு அசை போட்டது.

இவர் கிரிக்கெட் மட்டையோடு ஓடினார். மாடுகள் இவரை இலை போட வந்தவர் மாதிரி பார்த்தன.

இது ஒரு பக்கம். பால்காரம்மா எல்லையம்மாள் கேட்டைத் தாண்டி உள்ளே வர மாட்டேன் என்று நின்றுவிட்டாள். "வாசல்ல உப்பு கொட்டியிருக்கு. யாரு என்ன வச்சுட்டுப் போனாங்களோ. நான் கால் வைக்க மாட்டேன்மா." நாலு நாள் தெருமுனை வரை போய்த்தான் பால் வாங்கினேன். எங்கள் வீட்டுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று கொரடாச்சேரி வரைக்கும் பேச்சு. வைத்தது வீட்டுக்காரரேதான் என்று எத்தனை பேரிடம் போய் விளக்குவது?

"இப்பயாவது விட்டுடுங்களேன்" என்றேன்.

"கனடாவுல மாடு ரோட்டுக்கு வராது. அந்த ஒரு விஷயத்தைத்தான் நான் கணக்குல எடுக்கலை."

டிசம்பர் எட்டாம் தேதி நான் சாவியைக் கேட்டேன். சந்திப்புக்கு முன்னால் இரண்டு நாள் ஓட்டிப் பழகலாம் என்று. சாவியை உடனே எடுத்துக் கொடுத்தார். அவ்வளவு சுலபமாகக் கொடுத்தபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். வெளியே போய்ப் பார்த்தால் கார் ஹாலோ பிளாக் கற்களின்மேல் நிற்கிறது. நாலு சக்கரமும் இல்லை. வைப்பர் இரண்டையும் வேறு தூக்கி வைத்திருந்தார். போலீஸைப் பார்த்துக் கையைத் தூக்கினவன் மாதிரி நின்றது கார்.

"என்னங்க இது?"

"வின்டர் ஸ்டோரேஜ். சரியான டயர் கிடைக்காதவங்க குளிர்காலத்துல வண்டியை எடுக்க மாட்டாங்க. சக்கரத்தைக் கழட்டி, பாலிதீன் கவர்ல சுத்தி, நிழல்ல வச்சுடுவாங்க. அங்க நம்ம பக்கத்து வீட்டுக்காரன் செஞ்சதை நீயும்தானே பார்த்தே?"

"எப்ப மறுபடி மாட்டுவீங்க?"

"பனி உருகினதும்."

"எந்தப் பனி?"

"தை பொறக்கட்டும், பாப்போம். மார்கழிக்குள்ள கழட்டிடணும்னுதான் அவசரமா செஞ்சேன்." இவர் அப்பா ஊருக்குப் பகுத்தறிவு வாசகசாலை வைத்துக் கொடுத்தவர். மகனுக்குப் பகலவன் என்று சூரியன் பெயரை வைத்தவர். அந்த மகன் மார்கழிக்குப் பயந்து சக்கரத்தைக் கழற்றிவிட்டு நிற்கிறார். "உனக்கென்ன, இருபதாம் தேதி பஸ்ல போ. நானே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஸ்கூட்டர்ல கொண்டுவந்து விடறேன்."

பின்னால் உட்காரச் சொல்கிறார். நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் இவர் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். அந்த நினைப்பில் இரண்டு மணி நேரம் தூங்குவார். தூங்கினார்.

கொல்லைப்புறம் போய்ப் பார்த்தேன். தென்னை மரத்தடியில் நாலு சக்கரமும் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பாலிதீன் உறை. நடுவில் வட்டமாகப் பள்ளம். வானம் கறுத்துக் கிடந்தது. வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று காலையிலிருந்து டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அங்கேயே நின்று கலைமகளுக்குப் போன் போட்டேன்.

"கலை, எங்க தெருவுக்கு நீ என்னைக்கு வருவே?"

"வியாழக்கிழமை அக்கா. போன வாரம்தான் அங்க முடிச்சேன். இனி பதினெட்டாம் தேதி வருவேன். ஏன்?"

விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் புஸ்புஸ்ஸென்று மூச்சு வந்தது. சிரிக்கிறாள் என்று புரிந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லிடறேன். கொசுப்புழு இருந்தாத்தான் நோட்டுல எழுதுவேன். இல்லாததை எழுத மாட்டேன். என் வேலை அது."

"புழு வர எத்தனை நாளாகும்?"

"மழைத்தண்ணி நிக்கட்டும். அசையாம இருந்தா ஒரு வாரத்துல வந்துடும். அக்கா, எனக்கும் உங்ககிட்ட ஒரு ஒத்தாசை வேணும்."

"என்ன சொல்லு."

"இப்ப வேணாம். அப்புறமா கேக்கறேன்."

தன் மகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். சரி என்றேன்.

அன்று ராத்திரி பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் வெயில் வந்தது. நாலு பாலிதீன் பள்ளத்திலும் தளும்பத் தளும்பத் தண்ணீர். முப்பது வருஷமாக இந்த வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்க விடாதவள் நான். கை பரபரத்தது. கொல்லைப்பக்கம் போனால் கவிழ்த்துவிடுவேனோ என்று பயந்து அந்தப் பக்கமே போகவில்லை. வேலை செய்வது சுலபம். செய்யாமல் இருப்பதற்குத்தான் மனசை அடக்க வேண்டியிருக்கிறது. இதை என் கணவர் எப்படி முப்பது வருஷமாகச் செய்தார் என்று அந்த வாரம்தான் வியந்தேன்.

பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்குக் கலைமகள் வந்தாள். நீலச் சட்டை, தோளில் பை, கையில் டார்ச், நீளக் கைப்பிடி போட்ட வெள்ளைக் கரண்டி. என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

"சார், வீட்டுல தண்ணி தேங்குற பொருள் ஏதாவது இருக்கா?"

"இது ஆபீசர் வீடும்மா. சுத்தமா இருக்கும்."

"ஆபீசர் வீட்டுலதான் சார் ஃபிரிட்ஜுக்குப் பின்னால நிறைய இருக்கு."

நேராகக் கொல்லைக்குப் போனாள். இவர் பின்னாலேயே போனார். நான் முருங்கைக்கீரையை முறத்தில் எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். நல்ல இடம், எல்லாம் தெரியும்.

"இது என்னது சார்?"

"வின்டர் ஸ்டோரேஜ்."

"அப்படின்னா?"

"குளிர்காலத்துல டயரைப் பத்திரமா வைக்கிறது."

அவள் பட்டப்பகலில் டார்ச் அடித்துப் பார்த்தாள். கரண்டியை விட்டுத் தண்ணீரை முகந்து இவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதுங்களையும் பத்திரமாத்தான் வச்சிருக்கீங்க."

இவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "மீன் குஞ்சா இருக்கும்."

"மீன் குஞ்சு தலைகீழாத் தொங்காது சார்."

நோட்டைத் திறந்தாள். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். "கழட்டிப் போட்ட டயர் நாலு. நாலுலயும் புழு. நாளைக்கு வண்டி வரும் சார், ஏத்திட்டுப் போயிடுவாங்க."

"எதை?"

"டயரை."

"எம்மா, அது நல்ல டயர்ம்மா. ஓடுற டயர்."

"எங்க சார் ஓடுது? தென்ன மரத்தடியில படுத்திருக்கு."

"தேஞ்ச டயரைத்தானே எடுப்பீங்க?"

"தேஞ்சதா தேயாததான்னு கொசு பார்க்கறதில்ல சார்."

இவர் முகத்தில் வியர்வை. குளிர்காலம் போயே போய்விட்டது. "காருல மாட்டிட்டா?"

"மாட்டிட்டா அது காரு. காரை நாங்க எடுக்க மாட்டோம்." சொல்லிக்கொண்டே முன்பக்கம் போய்க் காருக்கு அடியில் டார்ச் அடித்தாள். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். "சார், இங்க வாங்க. ஹாலோ பிளாக்கா இது? ஒரு கல்லுக்கு ரெண்டு ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு குடும்பம்."

இது என் திட்டத்திலேயே இல்லை. அவருடைய சொந்த உழைப்பு.

"சனிக்கிழமை மறுபடி பாக்க வருவேன் சார். அதுக்குள்ள இந்த இடம் காலியாகிக் காஞ்சிருக்கணும். அன்னைக்குத் தரை பூரா மருந்தடிக்கணும். காரு இங்க நிக்கக் கூடாது. மருந்து தெறிச்சுப் பெயின்ட்ல பட்டா, அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

"பெயின்ட்டா?" இவர் கை பானட்டுக்குப் போனது. "அப்ப நான் காரை எடுத்துக்கிட்டு வெளிய போயிடறேன்."

"வீட்டு வரி யார் பேருல சார்?"

"என் பேருலதான்."

"அப்ப நீங்க வீட்டுல இருக்கணும். கையெழுத்து நீங்கதான் போடணும்."

"எத்தனை மணிக்கு வருவே?"

"தெருவை முடிச்சுட்டு வர்றதுதான். ஒம்போதும் ஆகும், மூணும் ஆகும்."

"இவ கையெழுத்துப் போட்டா?"

"வரி ரசீதுல இருக்கற பேருதான் சார்."

வீட்டை என் பேரில் எழுதலாம் என்று நான் இருபது வருஷம் முன்னால் சொன்னேன். "எல்லாம் ஒண்ணுதானே" என்றார் அப்போது.

கார் வெளியே போக வேண்டும். இவர் உள்ளே இருக்க வேண்டும். இந்த வீட்டில் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் இரண்டே பேர். கணக்கு மெதுவாக இவர் மண்டைக்குள் இறங்குவதை நான் கீரையை உருவிக்கொண்டே பார்த்தேன். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"மங்களா, அன்னைக்குத்தானே உன் ஸ்கூல் விசேஷம்?"

"ஆமாங்க. பஸ்ல போறேன்."

"காரை எடுத்துக்கிட்டுப் போயேன்."

"ஐயோ, குளிர்காலத்துலயா? சாதா டயர்லயா? ரப்பர் இறுகிப்போய் எங்கயாவது வழுக்கிக்கிட்டுப் போனா? எனக்குப் பயமா இருக்குங்க."

"இங்க எங்க மங்களா குளிரு? வெயில் கொளுத்துது."

"இனிமேயும் வராதா?"

"வராது."

"வராதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

கலைமகள் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள். பேனாவையும் அவளே கொடுத்தாள். அரசாங்கத்துக்கு முப்பது வருஷம் அறிக்கை எழுதிய கை, சுத்தமான எழுத்தில் எழுதியது: 'குடவாசலில் குளிர்காலம் கிடையாது. எந்த டயரிலும் எவரும் கார் ஓட்டலாம். இப்படிக்கு, பகலவன்.' தேதியும் போட்டார். நான் அன்று சாயங்காலமே அதை லேமினேட் செய்து, மகளிர் தினப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை தௌபீக் வந்து சக்கரங்களை மாட்டினார்.

"வின்டர் முடிஞ்சிருச்சா சார்?"

"முடிஞ்சிருச்சு."

"மார்கழி நாலுதான் ஆவுது. இந்த வருஷம் சீக்கிரமே முடிஞ்சிருச்சு" என்று முகம் மாறாமல் கடைசி நட்டை முறுக்கினார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினேன். கேட்டைத் தாண்டும்போது இவர் கண்ணை மூடிக்கொண்டார். ரயில்வே கேட்டில் ஒருமுறை வண்டி அணைந்தது. கும்பகோணத்தில் ஒரு பால் வண்டிக்காரர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். கண்ணாடி ஏற்றியிருந்ததால் வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன். போன் பதினான்கு தடவை அடித்தது. எடுக்கவில்லை. ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். இரண்டு பக்கமும் சம்பா பச்சைப் பசேலென்று நின்றது. முப்பது வருஷமாக அதை இடது பக்க ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். வலது பக்கமும் வயல் இருக்கிறது.

கான்வென்ட் கேட்டுக்குள் நுழையும்போது ஹாரன் அடித்தேன். தேவையில்லை. அடித்தேன். அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே வரத் தயங்கி நின்ற அந்த வேப்ப மரத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். கொஞ்சம் கோணலாகத்தான் நின்றது. நேராக்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் திரும்பியபோது இவர் பேனாவோடு வாசலிலேயே இருந்தார். கலைமகள் மூன்றரைக்குத்தான் வந்தாளாம். கார் நின்றதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றிவந்தார். கதவைத் தடவினார், பம்பரைத் தடவினார். பிரசவம் முடிந்து வந்தபோதுகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. ஒரு கீறல் இல்லை. ஏமாற்றமாக உள்ளே போனார்.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை பூம்புகார் கடற்கரைக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். "நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க" என்றேன். இவர் உடனே தலையாட்டினார். சுவரில் அவர் கையெழுத்து தொங்குகிறதே. புளியோதரை கட்டி, தண்ணீர் நிரப்பி, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வெளியே வந்தால் வாசலில் கலைமகள். நீலச் சட்டை இல்லை. பட்டுக்கரைப் புடவை, தலையில் கனகாம்பரம், கையில் பர்ஸ்.

"அக்கா, அன்னைக்கு ஒரு ஒத்தாசை கேக்கறேன்னு சொன்னேன்ல?"

"ஆமா கலை, சொல்லு."

பர்ஸிலிருந்து லைசென்ஸை எடுத்துக் காட்டினாள். "வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு. எங்க வீட்டுல காரு ஏது? கை மறந்துபோயிடும் போல இருக்கு. எனக்கு ஞாயித்துக்கிழமைதான் லீவு. வாரா வாரம் ஞாயித்துக்கிழமை மட்டும் உங்க காரை ஓட்டிக்கறேன்."

சாவி தானாக முந்தானைக்குள் போனது. ஒன்றும் தோன்றாமல் வந்ததைச் சொன்னேன்.

"அதுக்கென்ன கலை, தாராளமா... ஆனா இப்ப பாரு, மார்கழி. குளிர்காலம். டயர் வேற..."

கலைமகள் என் தோளுக்கு மேலே எட்டி, ஹால் சுவரில் மாட்டியிருந்த லேமினேஷனை நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, உரக்கப் படித்தாள். 'எவரும்' என்ற இடத்தில் ஒருமுறை நிறுத்தினாள்.

எனக்குப் பின்னால் என் கணவர் சிரித்தார். ஒரு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தார். புளியோதரைப் பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தானே பின் கதவைத் திறந்து, அப்பளம் நொறுங்க உட்கார்ந்தார்.

பூம்புகாருக்குப் போனோம். கலைமகள் நன்றாகவே ஓட்டினாள்.

நான் இடது பக்க ஸீட்டில், கூடையை மடியில் வைத்துக்கொண்டு.